படைப்பணி முடித்து ஊர் திரும்புவோரும் தொழில் ஆலோசனையும்

இராஜபாளையத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலையில் சத்திரப்பட்டியைக் கடந்து சென்றால் ஆலங்குளம் என்னும் ஊரை அடையலாம். தென்காசி மாவட்டத்திலும் இப்பெயருடைய ஊர் ஒன்று உண்டு. நாம் இங்குக் குறிப்பது விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்த ஆலங்குளமாகும். இப்பகுதியில் சுண்ணாம்புக்கல் கிடைத்தமையால் 1970-ஆம் ஆண்டை ஒட்டி இங்கு அரசாங்கச் சிமெண்டு ஆலை ஏற்பட்டது. அதனால் ஊரின் பெயர் வெளியூர்களிலும் பரவிற்று. மற்றபடி சுற்றுப்புறம் வானம் பார்த்த கரிசல் பூமியே. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிட்டால் பருத்தியும் மக்காச்சோளமும் மழை விட்ட வழி.

இத்தகைய பூமியில் பிறந்த இளைஞர்களுள் சிலர் நூல் ஆலைக்கும், சிலர் சிவகாசிக்கும், சிலர் பட்டாளத்திற்கும் செல்வது இயல்பு. பட்டாளத்திற்குச் செல்பவரை வழியனுப்பும்போது ஊரார் காட்டும் ஆர்வத்தை யாவரும் அறிவர். அவர் பணி முடித்துத் திரும்பும்போதும் சில நாள் அவ்வார்வம் நிலைத்திருக்கும். அதன் பின்னர் அவர் என்ன செய்கிறார் என்பதை நாம் கவனிப்பதில்லை. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்த அளவு 15 ஆண்டுப் பணி வேண்டும். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதிலேயே சீருடையைக் களைந்துவிடுகிறார்கள். நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு படைகளிலிருந்து விடுபடுகின்றனர். ஆசிரியரும் குமாஸ்தாவும் ஓய்வு பெறும் வயதிற்கு இன்னும் இருபது ஆண்டு இருக்கும்போது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது, இவர்கள் இரண்டாவது பிழைப்பு ஒன்றைத் தேட வேண்டியவர்களாகின்றனர்.

இவர்களுக்கும் இவர்தம் குடும்பத்தாருக்கும் தொழில் தொடங்க ஆலோசனையும் பயிற்சியும் கட்டணமின்றி வழங்கும் ஏற்பாடுகள் நம் நாட்டில் பல உண்டு. அவை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரியும்போது கையிலிருந்த பணம் போயிருக்கும். ஆலோசனை முன்னும் பணம் பின்னுமாக இருக்க வேண்டியது தலைகீழாகிவிடுகிறது. இதனைச் சரிசெய்வதில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருந்தொகையின் இயல்பு

ஓய்வு பெறும் படைவீரர் கையில் ஒரே நேரத்தில் பெருந்தொகை ஒன்று சேருகிறது. அதில் பணிக்கொடை உண்டு. அவர் மாதந்தோறும் சேமித்த சேமநிதி உண்டு. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே பெற்றுக்கொண்ட தொகையும் உண்டு. இந்த மூன்றாவதைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். படைவீரர் தம் ஓய்வூதியத்தில் பாதி வரையில் அரசாங்கத்திடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக மொத்தமாக ஒரு தொகை பெறலாம். ஒப்படைத்த பகுதி 15 ஆண்டு கழித்தே மீண்டும் கிடைக்கத் தொடங்கும். ஆகவே அது பரிசுமன்று, உபரிப் பணமுமன்று. அடுத்த 15 ஆண்டு உண்ண வேண்டிய சோற்றில் ஒரு பங்கை இன்றே அளந்து வாங்கிக்கொண்டதற்கு ஒப்பாகும். இதைக் குடும்பத்தார் உணர்ந்துவிட்டால், அப்பணத்தைத் தொடும் கை சற்றுத் தயங்கும்.

ஊருக்குள் பெருந்தொகை வந்த செய்தி மறைவதில்லை. கூட்டு வியாபாரத்திற்கு அழைப்போர் வருவர். வட்டிக்குக் கொடுத்தால் மாதம் இவ்வளவு வரும் என்போர் வருவர். மனை வாங்கிப் போடச் சொல்வோர், லாரி வாங்கச் சொல்வோர், உறவு முறையில் கைமாற்றுக் கேட்போர் ஆகியோரும் வருவர். இருபது ஆண்டு காஷ்மீரத்திலும் அஸ்ஸாமிலும் இருந்துவிட்டு வந்தவருக்கு ஊரின் வியாபார நடப்புத் தெரியாது. யார் கடனைத் திருப்புவார், யார் திருப்பமாட்டார் என்பதும் தெரியாது. துப்பாக்கிக்கு அஞ்சாதவரும் உறவினர் கேட்கும்போது இல்லையென்று சொல்ல அஞ்சுவார். வீட்டு மாடி எழும்புகிறது, ஒரு கலியாணம் நடக்கிறது, ஆழ்துளைக் கிணறு ஒன்று தண்ணீரின்றிப் போகிறது. மிச்சத்தில் தொழில் தொடங்குகிறார். அதற்குள் மிச்சம் மிகக் குறைவு.

இந்நிலையில் காவலாளி வேலைக்குச் செல்வோர் பலர். 1986-இல் ஏற்பட்ட தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமாகிய டெக்ஸ்கோ இத்தகைய வேலைகளைப் பலருக்குத் தேடித் தந்திருக்கிறது. அது நல்ல உதவியே. ஆயினும் வண்டிப் பராமரிப்பும், கம்பியில்லாத் தந்தியும், பண்டசாலைக் கணக்கும் கற்றுத் தேர்ந்த ஒருவர் எங்கோ ஒரு வாயிற்கதவருகில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பது அவருக்கு மட்டுமன்றி அவர் பிறந்த ஊருக்கும் நட்டமே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆலோசனை என்பது யாது?

ஆலோசனை என்றதும் நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்புவது என்று சிலர் எண்ணுகின்றனர். அது அவ்வாறன்று, காகிதத்தில் கணக்கெழுதிப் பார்ப்பதே பெரும்பாலும் ஆலோசனையாகும். எடுத்துக்காட்டாக, ஆலங்குளத்து ஹவில்தார் ஒருவர் ஐந்து கறவை மாடுகள் வாங்கிப் பால் வியாபாரம் செய்ய நினைப்பதாகக் கொள்வோம். இவ்வட்டாரத்தில் இது இயல்பான எண்ணமே. அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலுக்குக் கிராக்கி குறையாத பகுதி இது.

அவர் தம் மனத்தில் போடும் கணக்கு பின்வருமாறு இருக்கும். மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர்; ஐந்து மாட்டிற்கு 40 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றால் 1,400 ரூபாய். அடர்தீவனம் மாட்டிற்கு 5 கிலோ வீதம் 25 கிலோ. கிலோ 25 ரூபாயாக 625 ரூபாய். தட்டை, பசுந்தீவனம், மருந்து ஆகியவற்றிற்கு 150. ஆக, நாள்தோறும் 625 ரூபாய் மீதம். கடனைக் கட்டிவிட்டுக் குடும்பமும் நடத்தலாம் என்று அவர் மகிழ்கிறார்.

விவரமறிந்த ஆலோசகர் கேட்கும் முதற் கேள்வி, ஐந்து மாடும் ஆண்டு முழுவதும் கறக்குமா என்பதே. எந்தத் தொழுவிலும் ஏதேனும் ஒரு மாடு சினையாகிப் பால் வற்றியிருக்கும்; இரண்டு மாடுகள் அவ்வாறு நிற்கும் காலமும் உண்டு. அப்போது கறப்பது மூன்று மாடு, 24 லிட்டர், 840 ரூபாய். கறக்கும் மூன்றிற்கு 15 கிலோவும், வற்றிய இரண்டிற்கு 4 கிலோவும் ஆக 19 கிலோ அடர்தீவனத்திற்கு 475 ரூபாய். மற்றச் செலவு அதே 150. மீதம் 215 ரூபாயே. மாடுகளுக்கு மூன்று லட்சமும் கொட்டிலுக்கு ஒரு லட்சமும் கடன் வாங்கி ஐந்தாண்டில் திருப்புவதானால், அசலுக்கு மட்டும் ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 219 ரூபாய் வேண்டும். வட்டியைச் சேர்க்கவில்லை, அவருடைய உழைப்பிற்கும் அவர் மனைவியின் உழைப்பிற்கும் கூலி வைக்கவில்லை. இங்கு நாம் கொண்ட விலைகள் கணக்கிற்காகக் கொண்டவை. ஊருக்கு ஊர் அவை மாறும். கணக்கின் போக்கு மாறாது.

இதனால் மாடு வளர்க்க வேண்டாம் என்று ஆலோசகர் கூறுவதில்லை. ஐந்தையும் ஒரே மாதத்தில் வாங்காமல், முதலில் இரண்டும் ஆறு மாதம் கழித்து இரண்டுமாக வாங்கினால் கறவை விட்டுப்போகாது என்பார். கிணற்றுப் பாய்ச்சலுள்ள அரை ஏக்கரில் முன்கூட்டியே தீவனப்புல் நட்டுவிட்டால் விலைத் தீவனச் செலவு குறையும் என்பார். கொட்டிலுக்குக் காங்கிரீட்டு வேண்டாம், கூரையே போதும் என்பார். இந்த மூன்று வார்த்தைகளின் மதிப்பு சில லட்சம் ரூபாய். இவற்றிற்குக் கட்டணம் கிடையாது.

மற்றொரு தொழிலையும் குறிப்பிடலாம். சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. அங்கு நெய்த துணியை வாங்கி வெட்டிச் சுருட்டி உறையிடும் சிறு பட்டறை ஒன்றை ஆலங்குளத்தில் அமைக்கலாமே என்று ஒருவர் எண்ணினால், அது மருத்துவப் பொருளாதலின் அதற்குரிய உரிமங்கள் யாவை, தூசியற்ற அறை வேண்டுமா, வாங்குவோர் பணம் தருவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பனவற்றை இயந்திரம் வாங்குவதற்கு முன்னரே அறிந்தாக வேண்டும். சரக்கு விற்றும் பணம் வராமல் நொடித்த சிறு தொழில்கள் பல. பட்டாசுத் தொழிலைப் பற்றி நாம் ஒன்றே கூறுவோம்: உரிமமின்றி வீட்டிலோ கொட்டகையிலோ செய்ய யாரேனும் கூட்டுச் சேர அழைத்தால் அது தொழிலன்று, உயிருடன் விளையாடுவது.

எங்குச் சென்று கேட்பது?

முதலில் செல்ல வேண்டிய இடம் விருதுநகரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஊர் திரும்பியதும் அங்குப் பெயரைப் பதிவு செய்து அடையாள அட்டை பெற வேண்டும். விடுவிப்புப் புத்தகமும் ஓய்வூதிய ஆணையும் கையிலிருக்க வேண்டும். மனைவி மக்களின் பெயர், பிறந்த தேதி ஆகியவை அவற்றில் சரியாக இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துக்கொள்வது நலம். ஓர் எழுத்துப் பிழைக்காகக் கைம்பெண் ஒருவர் பின்னாளில் பல முறை அலைய நேரிடும். முன்னாள் படைவீரர்களுக்கென மாவட்ட ஆட்சியர் அவ்வப்போது நடத்தும் சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டத்தின் நாளையும், சுயதொழில் கருத்தரங்கு நடக்கும் நாளையும் இவ்வலுவலகத்திலேயே அறியலாம்.

பணியிலிருக்கும்போதே தொடங்க வேண்டிய காரியமும் ஒன்று உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் உள்ள மறுவாழ்வுத் தலைமை இயக்ககம், ஓய்வு பெறுமுன்னரே தொழிற்பயிற்சிகள் அளிக்கிறது. ரெஜிமெண்டு வழியாகவே விண்ணப்பிக்க வேண்டுமாதலின், கடைசி ஆண்டு விடுமுறையில் வரும் மகனிடமோ தம்பியிடமோ வீட்டார் இதனை நினைவூட்டலாம்.

தொழிற்கடனும் மானியமும் பற்றிய ஆலோசனைக்கு மாவட்டத் தொழில் மையம் உண்டு. பிரதம மந்திரியின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008-இல் தொடங்கியது. 2022-இல் திருத்திய விதிப்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம். இதில் முன்னாள் படைவீரர்கள் சிறப்புப் பிரிவினர். மற்றவர் தம் பங்காக நூற்றுக்கு 10 போட வேண்டுமென்றால் இவர்கள் 5 போட்டால் போதும். கிராமப் பகுதியில் மானியம் நூற்றுக்கு 35. பத்து லட்சம் மதிப்புள்ள பட்டறைக்கு இவர் போடுவது 50,000, வங்கி தருவது 9,50,000, மானியம் 3,50,000. ஆனால் மானியம் கைக்கு வருவதில்லை. மூன்றாண்டுக் காலம் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் உண்மையாக நடப்பதைப் பார்வையிட்ட பின்னரே கடனில் கழியும். இதை அறியாமல், மானியத்தை எடுத்துப் பழைய கடனை அடைக்கலாமென எண்ணுவோர் ஏமாற்றமடைவர். தொழில்முனைவோர் பயிற்சியும் இத்திட்டத்தின் ஓர் அங்கமே. தொகைகளும் விதிகளும் காலந்தோறும் மாறுவன. விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதைத் தொழில் மையத்தில் கேட்டறிக. இடைத்தரகருக்கு இதில் வேலையே இல்லை. கடன் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அறிவித்த முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம் முன்னாள் படைவீரர்களுக்கென்றே ஏற்பட்டது. ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் நூற்றுக்கு 30 மூலதன மானியம், நூற்றுக்கு 3 வட்டி மானியம் என்பனவும், முதற்கட்டமாக 400 பேருக்கு வாய்ப்பு என்பதும் அறிவிப்பில் கண்டவை. திறன் பயிற்சியும் தொழில்முனைவோர் பயிற்சியும் சேர்த்தே சொல்லப்பட்டமையை நாம் சிறப்பாகக் கருதுகிறோம்.

கைத்தொழில் கற்க விரும்புவோருக்கு மாவட்டந்தோறும் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் உண்டு. 1982-இல் கர்நாடகத்து உஜிரே என்னும் ஊரில் தர்மஸ்தலத்தாரும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி நிலையமே இதற்கு முன்மாதிரி. தங்குமிடமும் உணவும் தந்து கற்பிக்கின்றனர். பயிற்சி முடிந்த பின்னும் தொடர்ந்து விசாரித்து உதவுகின்றனர். கால்நடை வளர்ப்பிற்கு இராஜபாளையத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. பருத்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையமும், பொதுவாக வேளாண்மைக்கு அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளம் வேளாண்மை அறிவியல் நிலையமும் உள்ளன. இவற்றின் வாயில்கள் முன்னாள் படைவீரருக்கு மட்டுமன்றி எல்லா விவசாயிகளுக்கும் திறந்தவை.

மனைவியும் உடன் செல்ல வேண்டும்

ஆலோசனைக்குக் கணவர் மட்டும் செல்வது நம் வழக்கம். இது தவறு என்று சொல்லத் தயங்கவில்லை. அவர் பனிமலையில் நின்ற ஆண்டுகளில் நிலத்தையும், சீட்டையும், பிள்ளைகளின் படிப்பையும் நடத்தியவர் மனைவியே. மகளிர் குழுவில் கணக்கெழுதிப் பழகியவரும் அவராகவே இருப்பார். ஊரில் யாரை நம்பலாம் என்பது அவருக்கே தெரியும். முன்னாள் படைவீரருக்கான தொழிற்பயிற்சி ஏற்பாடுகளில் கைம்பெண்களுக்கும், குடும்பத்தில் அவரைச் சார்ந்திருப்போருக்கும் இடமுண்டு. கணவர் மீண்டும் வேலைக்குப் போவதாயிருந்தால், தொழிலை மனைவியின் பெயரில் தொடங்குவதையும் ஆலோசிக்கலாம். எந்தத் திட்டத்தின் சலுகை மனைவிக்கும் பொருந்தும், எது பொருந்தாது என்பதைக் கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

பணியில் கணவரை இழந்த பெண்ணின் நிலை இன்னும் நுட்பமானது. துயரம் ஆறுமுன்னே தொகை வந்து சேர்கிறது. அதைப் பற்றிப் பேச இரு வீட்டாரும் வந்து சேர்கின்றனர். முதல் ஆண்டில் பெரும் முதலீடு எதுவும் வேண்டாம், அஞ்சலகத்திலோ வங்கியிலோ வைப்பாக இருக்கட்டும் என்று சொல்ல ஊரில் ஒரு பெரியவர் வேண்டும்.

அக்னிவீரர்களையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்த அக்னிபத் முறைப்படி சேர்ந்தவர்களுக்கு நான்காண்டுப் பணி. அவர்களுள் நூற்றுக்கு 25 பேர் வரையே நிலையாக எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் இருபத்தைந்து வயதை ஒட்டி வீடு திரும்புவர், ஓய்வூதியம் கிடையாது. 2022 இறுதியில் சேர்ந்த முதல் அணியினருக்கு 2026 இறுதியில் தவணை முடிகிறது. ஓய்வூதியமுள்ளவர் ஒரு முறை தவறினால் மாதப் பணம் தாங்கிக்கொள்ளும். இவ்விளைஞருக்கு அந்தத் தாங்கல் இல்லை. ஆகவே ஆலோசனையின் தேவை இவர்களுக்கு இரு மடங்கு.

முன் நடந்தவை

படைவீரருக்கு உதவும்போது பொருளோடு அறிவும் சேர்த்துத் தர வேண்டும் என்பது புதிய எண்ணமன்று. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த காலத்தில் சென்னை மாகாண அரசாங்கம் யுத்தத்திலிருந்து மீண்ட வீரர்களை வயநாட்டில் குடியேற்றியது. அப்போது நிலத்தை அளந்து கொடுத்ததோடு நில்லாமல், மலைப்பயிர் அறியாத அவர்களுக்கு வழிகாட்ட அம்பலவயலில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் ஏற்படுத்தியது. வயநாடு பின்னர்க் கேரளத்தோடு சேர்ந்தது; அந்நிலையம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமாக இன்றும் அங்கு நடந்து வருகிறது.

அமெரிக்காவில் 1964-இல் ஸ்கோர் என்னும் அமைப்பு தோன்றியது. தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற முதலாளிகளும் மேலாளர்களும் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு ஊதியமின்றி ஆலோசனை கூறுவர். அந்நாட்டுச் சிறுதொழில் நிர்வாகத் துறை, முன்னாள் படைவீரருக்கென்றே தனி ஆலோசனை மையங்களையும் நடத்துகிறது. அவர்தம் மனைவியருக்கும் அங்கு இடமுண்டு. இதில் நாம் மேற்கொள்ளத்தக்கது அந்த ஊதியமில்லா ஆலோசகர் முறையே. இராஜபாளையத்தில் 1936 முதல் நூல் ஆலை இருக்கிறது. ஆலையில் முப்பது ஆண்டு கணக்குப் பார்த்தவரும், பேண்டேஜ் தறி நடத்தியவரும், பால் சங்கத்தில் செயலாளராயிருந்தவரும் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர்! மாதம் ஒரு முறை பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் இரண்டு மணி நேரம் அமர அவர்கள் மறுக்கமாட்டார்கள். கேட்க ஆள் வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

பஞ்சாயத்து இதற்கெனப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. ஊரிலிருந்து படையில் இருப்போர், ஓய்வு பெற்றோர், கைம்பெண்கள் ஆகியோரின் பெயர்களைக் குறிப்பேடு ஒன்றில் எழுதி வைக்கலாம். அடுத்த இரண்டு ஆண்டில் திரும்பக்கூடியவர் யார் என்பது அதிலிருந்து விளங்கும். ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26-லும் ஆகஸ்டு 15-லும் முன்னாள் படைவீரரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதுண்டு. அதே கூட்டத்தில் நல அலுவலகத்திலிருந்தோ தொழில் மையத்திலிருந்தோ ஒருவரை வரவழைத்துத் திட்டங்களைப் படித்து விளக்கச் செய்தால் பொன்னாடையைவிட அது பயன்படும். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்படுவோருக்காக, கூட்டம் முடிந்த பின் அவ்வதிகாரியைச் சிறிது நேரம் தனியே அமரச் செய்வதும் நல்லது.

கிராமப் பகுதி என்பதற்கான சான்று, கட்டடத்திற்கும் தொழிலுக்கும் உரிய அனுமதி முதலியவற்றிற்காக விண்ணப்பதாரர் உள்ளூர் அலுவலகங்களுக்கே வருவார். அந்நேரத்தில் அவர் கையிலுள்ள திட்ட அறிக்கையை அங்கத்தினர் ஒருவர் புரட்டிப் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து வரும், மின்சாரம் எவ்வளவு வேண்டும், சரக்கை யார் வாங்குவார் என்று மூன்று கேள்விகள் கேட்கலாம். விடை தெரியாவிட்டால், சான்றை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை; சான்றுடன் விருதுநகர் அலுவலகத்தின் முகவரியையும், அடுத்த பயிற்சி தொடங்கும் நாளையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, கணவன் மனைவி இருவரையும் சேர்ந்தே சென்று வரச் சொல்லலாம்.